மேரி அக்காவின் காளான் பாட்டில்

எங்கள் ஊரான உலு திராமில் ஊறுகாய், ஜாம் எல்லாம் வீட்டிலேயே செய்து பாட்டிலில் அடைக்கும் பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, பாட்டில்களை மாற்றிக்கொள்வோம். உணவுத் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் என் வார்த்தைக்கு அங்கே தனி மதிப்பு.

ஒருமுறை மேரி அக்கா காளான் பிரட்டல் கொடுத்தார். மூடி, நிறம், வாடை என்று வரிசையாகப் பார்ப்பது என் பழக்கம். மூடியிலேயே நின்றுவிட்டேன். அது உப்பியிருந்தது; உள்ளே கிருமி வளர்ந்தால் மூடி அப்படித்தான் உப்பும். கெட்டுப்போன காளான் உயிருக்கே ஆபத்து. திறக்காமலே குப்பையில் போட்டேன். ஆனால் அக்கா மனம் நோகுமே என்று எங்கள் வாட்சாப் குழுவில், "சூப்பர் அக்கா, ருசியோ ருசி!" என்று எழுதினேன்.

அடுத்த மாதம் அக்கா பூரிப்போடு வந்தார்.

"அலமாக், அக்காவுக்கு இன்னிக்குக் கால் தரையிலயே இல்ல," என்று யாரோ கிண்டல் செய்தார்கள்.

"இவளே நல்லாருக்குன்னு சொல்லிட்டா லா! அதே மாதிரி இன்னும் நாலு பாட்டில் போட்டேன். பொந்தியான்ல மக மாசமா இருக்கா, நாளைக்குக் கொண்டு போறேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொடுக்காதீங்க அக்கா. நான் அதைச் சாப்பிடவே இல்ல. மூடி உப்பியிருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்கா மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா என் முகம் மட்டும்தாம்மா சுண்டியிருக்கும்."

அக்கா இன்றும் எனக்குப் பாட்டில் தருகிறார். "சாப்பிட்டுச் சொல்லு" என்பதில்லை. "மூடியைப் பார்த்துச் சொல்லு" என்கிறார். அவர் எதிரிலேயே விரலால் அழுத்திப் பார்க்கிறேன். மூடி சரியாக இருந்தாலும் என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.