ஊதா வளையம்

கொல்வதற்கு எங்கள் திட்டத்தில் ‘அகற்றுதல்’ என்று பெயர். அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டது நான்தான். திட்ட ஆவணம் மலாயில் இருந்தது. அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கித் தருகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதைப் படிக்க வேண்டிய தமிழர் ஒரே ஒருவர், குளத்துக் காவலாளி. அவருக்கு என்னைவிட நன்றாக மலாய் வரும். இருந்தும் எழுதினேன். எனக்கு அப்படியொரு கொழுப்பு.

குளம் பிறை என்கிற ஊரில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிறது. மழை வெள்ளம் தேங்கி வடிவதற்காக வெட்டிய குளம். ஒரு கரையில் லாரிகள் நிற்கும், மறு கரையில் ஆள் உயரத்துக்குக் கோரைப்புல். அந்தப் புல்லுக்குள் சீழ்க்கைச் சிறகிகள் இருந்தன. வீட்டு வாத்தில் பாதி அளவுதான் இருக்கும், பழுப்பு நிறம். வாத்து மாதிரிக் கத்தாது, பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும். ஊரில் எல்லோரும் பெலிபிஸ் என்பார்கள்.

இதே வாத்துக்குக் கிழக்குத் தீவுகளில் கொஞ்சம் பெரிய உறவு ஒன்று உண்டு. எவனோ ஒரு பணக்காரன் அழகுக்காக அதை வாங்கிக் கூண்டில் வளர்த்தான். கூண்டு சரிந்தது, அவை பறந்து வந்து எங்கள் குளத்தில் இறங்கின. வந்தவை சும்மா இருக்குமா? இங்குள்ளவற்றோடு சேர்ந்தன. பிறந்த குஞ்சுகள் மலடாகவும் இல்லை, அவையும் வளர்ந்து இங்குள்ளவற்றோடே சேர்ந்தன. இப்படி நாலு தலைமுறை போனால் இந்தக் கரையின் பழைய வாத்து இருக்காது. அதை யாரும் சுட்டிருக்க மாட்டார்கள், யாரும் பிடித்துத் தின்றிருக்க மாட்டார்கள். ஆனாலும் இருக்காது. குளத்தில் வாத்து நிறைய நீந்துகிறதே, பிறகென்ன என்று கேட்கிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் தலைமுறைக் கலப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தம்தான் சொல்லும். அதற்குத்தான் நான். என் ஆய்வுக்கூடம் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கிறது. ஒவ்வொரு வாத்தையும் பிடித்து, இறக்கை நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, காலில் நிற வளையம் மாட்டி விட்டுவிடுவோம். மரபணுவைப் படித்து எது சுத்தம், எது கலப்பு என்று நான் எழுதித் தருவேன். கலப்பு என்றால் மிருக வைத்தியர் வந்து அகற்றுவார்.

வாத்துகளைப் பிடித்துத் தந்தவர் காவலாளி. ஐம்பது வயதைத் தாண்டியவர், சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தினமும் அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கூண்டுக்குள் நெல்லைத் தூவிவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடிப்பார். கோரைப்புல் அசையும், அவை நீந்தி வரும். படித்த நாங்கள் வலையோடு இறங்கினால் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

அவருடைய தமிழ்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் வேலையை ‘ஜாகா’ என்பார், சந்தையை ‘பாசார்’ என்பார், நிறங்களை எல்லாம் மலாயில்தான் சொல்வார். என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க்கு வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் ‘பாசார்’ என்று சொன்னால் அப்பாவுக்குக் காது கேட்காது. ‘சந்தை’ என்று திருத்திச் சொல்லும்வரை கேட்காது. நான் அந்தக் காதோடு வளர்ந்தவள். காவலாளி தினமும் எது எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். தமிழ் எழுத்து, ஆனால் சிவப்பு ‘மேரா வந்தது’ என்றும் நீலம் ‘பிரு வந்தது’ என்றும் இருக்கும்.

ஒரு நாள் அந்தக் கொப்பியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சிவப்பு என்ற சொல் உங்கள் தோட்டத்தில் இல்லையா என்று கேட்டேன். உதவிக்கு வந்த மாணவர்கள் பக்கத்தில் நின்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். இனிமேல் என்னோடு தமிழில்தான் பேச வேண்டும், எழுத வேண்டும், மலாய் கலக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரிங்க டாக்டரம்மா என்றார். மறுநாளே ‘காவலாளி வணக்கம் சொல்றேன்’ என்று போனில் ஆரம்பித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு மனிதனைத் திருத்திவிட்டேன் என்று வீட்டில் வந்துகூடச் சொன்னேன்.

அந்தப் பருவத்துக்கான முடிவுகள் வந்தன. பெண் வாத்துகளில் ஒன்றே ஒன்றுதான் முழுச் சுத்தம். அதன் காலில் இருந்தது நீல வளையம். காவல் போட்ட வேறொரு சதுப்பு நிலத்தில் சுத்தமான ஆண் ஒன்றைக் கூண்டு கட்டி வைத்திருந்தோம். நீல வளையத்தைப் பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் இந்தக் கரையின் வம்சம் தப்பும். எங்கள் முழு வேலையும் அந்த ஒரு வாத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பெண்கள் அத்தனையும் கலப்பு. அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றை வைத்தியர் முடித்துவிட்டார். கூண்டுக்கு அகப்படாமல் போக்குக் காட்டியது ஊதா வளையம் போட்டது மட்டும்.

தமிழ்ச் சுருக்கத்தில் அகற்ற வேண்டியதை மட்டும் எழுதினேன். ‘ஊதா வளையம்: அகற்றுதல்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, குளத்தங்கரைப் பம்ப் அறைச் சுவரில் நானே ஒட்டினேன். நீல வளையத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. காவலாளிக்கு எதற்கு அவ்வளவும் என்ற எண்ணம்தான். அதைப் பிடிக்கும் நாளில் நான் அங்கே நிற்பேன், நானே எடுத்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அவர் போனில் ஊதாவைப் பற்றியே பேசினார். ஊதா முதலில் வருகிறது, ஊதா என் பூட்ஸுக்குப் பக்கத்தில் நின்று நெல் பொறுக்குகிறது, ஊதாவுக்கு என் சீழ்க்கை தெரிகிறது என்றெல்லாம் சொன்னார். போயும் போயும் கலப்பில் போய் ஆசை வைத்திருக்கிறாரே என்று எரிச்சல் பட்டேன். செல்லம் கொஞ்சாமல் பிடிக்கிற வழியைப் பாருங்கோ என்று ஒருமுறை வெட்டிப் பேசினேன். 

அவர் பிடித்த அன்று காலையில் நான் பாலத்தின் நடுவில் கார் நெரிசலில் நின்றேன். எங்கேயோ முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. வைத்தியர் ஈப்போவுக்குப் போயிருந்தார். போன் அடித்தது.

"டாக்டரம்மா, ஊதா உள்ள வந்துருச்சு. கையில புடிச்சிருக்கேன்."

நல்லது என்றேன். பின்னால் அதன் சீழ்க்கை கேட்டது, பயந்துபோய் விட்டு விட்டு அடித்தது. வயிறு கனக்கிறது, முட்டை இருக்கும் போல, நீங்கள் வரும்வரை கூண்டிலேயே வைத்திருக்கட்டுமா என்று கேட்டார். கூண்டுக் கதவின் வலை கிழிந்திருந்தது, அதில் வைத்தால் தப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரு சாக்குப்பையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்றைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். அதற்குள் காரியம் முடிந்திருந்தால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை.

"முட்டை இடுறதுக்கு முன்னமே முடிக்கவேணும். வைத்தியர் செய்ததைப் பார்த்திருக்கிறீங்கள்தானே. நீங்களே செய்யுங்கோ."

"நானா?"

"வேற யார் இருக்கினம் அங்க?"

 இது என்னை நம்பி உள்ளே வந்தது டாக்டரம்மா என்றார். அதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. போனை வைக்காமல் செய்யச் சொன்னேன், முடிந்ததா என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றேன். போனை எங்கேயோ வைக்கும் சத்தம் வந்தது. சீழ்க்கை இரண்டு முறை கேட்டது. மூன்றாவது பாதியில் நின்றது. எனக்கு முன்னால் நின்ற கார் நகர்ந்தது, நானும் கியரைப் போட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அதைத் தன் துண்டில் சுற்றி, பம்ப் அறைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். துண்டை விலக்கினேன். காலில் இருந்தது நீல வளையம்.

எனக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. குனிந்து வளையத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று. பிறகு அவரைப் பார்த்துக் கத்தினேன். குருடா, மடையா என்று கத்தினேன். என்னைவிட மூத்த மனிதர். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது ஊதா இல்லையே, நீலம்."

"நாங்க ஊதான்னுதான் சொல்லுவோம் டாக்டரம்மா. பிருதான இது? இன்னொண்ணு கத்திரிப்பூ கலரு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வானத்தைக் காட்டினார், அதுவும் ஊதா என்றார்.  அவருடைய ஊரில் நீலத்துக்கு அதுதான் பெயர். என் வீட்டில் கத்தரிக்காய்த் தோலின் நிறத்துக்கு அதுதான் பெயர். அவர் பாட்டுக்கு பிரு என்றே சொல்லிக்கொண்டிருந்திருந்தால் இந்த வாத்து உயிரோடு இருந்திருக்கும். நான்தான் தமிழில் சொல்ல வைத்தேன்.

கொப்பியை எடுத்துப் புரட்டினேன். நான் மாணவர்கள் முன்னால் அவமானப்படுத்திய நாளின் பக்கம் வந்தது. அதில் ‘பிரு’ என்று எழுதியதை அடித்துவிட்டு, மேலே ‘ஊதா’ என்று அழுத்தி எழுதியிருந்தார். அதற்கு முந்திய பக்கங்களிலும் தேடித் தேடி அடித்துத் திருத்தியிருந்தார். நான் கொப்பியை என் பையில் வைத்துக்கொண்டேன். சுவரில் ஒட்டிய தமிழ்த் தாளையும் கிழித்து எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார், என்னைத் தடுக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அதை அறுத்தேன். ஓடு கட்டிய முழு முட்டை ஒன்று இருந்தது.

ஒரு வாரத்தில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்பு, அவருக்கு நிறக்குருடு இருக்குமோ என்று கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இருந்தால் பாவம் என்று விட்டிருப்பார்கள். அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போகவிட்டேன். எல்லா நிறத்தையும் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அந்தச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நல்லது என்றேன்.

விசாரணையில் திட்டத் தலைவர் இரண்டு வளையங்களை மேசைமேல் வைத்தார். மலாய்க்காரர், தன்மையான மனிதர். இது என்ன நிறம் என்று மலாயில் கேட்டார். பிரு என்றார் காவலாளி. அது? ஊங்கு என்றார், கத்தரிப்பூ நிறத்துக்கு மலாயில் அதுதான் சொல். இரண்டையும் சட்டென்று சொன்னார். தலைவர் ஆவணத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் அகற்ற வேண்டியது ஊங்கு என்று தெளிவாக இருந்தது. நிறமும் தெரியும், கட்டளையும் தெரியும், பிறகு ஏன் பிருவைக் கொன்றாய் என்று கேட்டார்.

 காவலாளி என் பக்கம் திரும்பினார். நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரு மலாய்ச் சொல்லும் கலக்காமல் கேட்டார்.

"டாக்டரம்மா, நீங்க ஊதான்னுதான எழுதியிருந்தீங்க? நீங்களே சொல்லுங்க."

கொப்பி என் மேசை இழுப்பறையில் இருந்தது. தமிழ்த் தாள் அதற்குள் மடித்து இருந்தது. அந்த அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. என்ன சொல்கிறார் என்று தலைவர் என்னைக் கேட்டார். மன்னிப்புக் கேட்கிறார் என்று மலாயில் சொன்னேன். நான் சொன்னது ஊங்குதான் என்றும் சொன்னேன்.

காவலாளிக்கு இரண்டும் விளங்கியது. 

"பாய்க், டாக்டர்" என்றார். சரி என்பதற்கு மலாயில் சொல்வது. எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதத்தோடு அவர் வேலை போயிற்று. கத்தரிப்பூ வளையம் போட்டது அந்தப் பருவத்தில் கோரைப்புல்லுக்குள் குஞ்சு பொரித்தது, குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் நீந்துகின்றன. நான் கரையில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. ஒருநாள் சுங்கை பாக்காப் பாசாரில் அவரைக் கண்டேன், காய்கறி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறீங்கள் அண்ணே என்று கேட்டேன். என்ன வேண்டும், எத்தனை கிலோ என்று அவர் மலாயில் கேட்டார்.