கேக்குது, வைங்க

டெலிபோன்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். யார் வீட்டு ஃபோனைச் சரிசெய்தாலும், கடைசியில் அங்கிருந்து தன் வீட்டு நம்பரை அழுத்திப் பார்ப்பார். மனைவி எடுத்து, "கேக்குது, வைங்க" என்பாள். மறுபேச்சில்லாமல் வைத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. "ஊரையே பேச வைக்கிற மனுஷன், எங்கிட்ட ஒரு ஹலோ சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?" என்று இடிப்பாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அப்படியொரு அழுத்தக்காரர்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு மதியம், அவள் "கேக்குது" என்றதும் வழக்கம்போல் வைத்தார். ரிசீவர் இறங்குகிற நேரத்தில், "இருங்க, ஒரு..." என்று காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த வேலைக்குப் போனார். சாயங்காலம் அவள் ஃபோன் மேஜையடியில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. சொல்ல வந்தது என்ன என்பதுதான் அன்றிலிருந்து அவரை அரிக்கிறது.

"பகல்ல யாருமில்லாத வீட்டுக்கு எதுக்குப்பா அந்த ஃபோன்? எடுத்துடுங்க" என்றாள் வெளியூரில் இருக்கும் மகள். இன்று காலை எக்ஸ்சேஞ்சில் தன் வீட்டு இணைப்புக் கம்பியைத் தானே வெட்டினார். வெட்டிய துண்டு சட்டைப்பையில் கிடந்தது.

பதினோரு மணிக்குத் தையற்கடையில் பழைய ஒயரை மாற்றி முடித்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, விரல் தன்பாட்டுக்கு வீட்டு நம்பரை அழுத்திவிட்டது. மணி அடித்தது. அதில் அதிசயமில்லை. கம்பியை வெட்டினாலும் கூப்பிடுகிறவர் காதில் மணி அடிக்கும். அந்தப் பக்கம் யாரும் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"கேக்குது."

அவர் வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் உறைத்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கம்பித்துண்டு இருந்தது. மறுபடி அழுத்தினார். மூன்று மணி போயிற்று, பத்து போயிற்று, இருபதும் போயிற்று.

"எடு," என்றார் ரிசீவரிடம். "இந்தத் தடவை வைக்கமாட்டேன்."

தையற்காரப் பெண் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"என்னண்ணே, அந்தப் பக்கம் யாரும் எடுக்கலையா?"

"எடுத்தாம்மா," என்றார். ரிசீவரை வைக்க அவருக்குக் கை வரவில்லை. "நான்தான் வச்சுட்டேன்."