எமகண்டம் பார்த்துப் போட்ட எழுபது நிமிடம்

சென்ற வைகாசியில் என் தங்கைக்குச் சூரிச்சில் கலியாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். அவளுக்கு இருக்கிற ஒரே அண்ணன் நான். சனிக்கிழமை காலை 10.40 முகூர்த்தத்துக்கு நான் அங்கே நிற்காவிட்டால் வேறு ஆள்தான் தேட வேண்டும். இடையில் விமானம் மாறப் போகிறவர்கள் என்னையும் அம்மாவையும் போல முழிக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வளைகுடாவில் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் 12.00 மணிக்கு அங்கே இறங்குவோம். அங்கிருந்து ஒரு விமானம் 1.10க்கு, இன்னொன்று 3.20க்கு. நான் 3.20ஐப் பதியப் போக, அம்மா நாட்காட்டியோடு வந்தார்.

"வெள்ளிக்கிழமை மூண்டிலை இருந்து நாலரை மட்டும் எமகண்டம். உந்த நேரத்திலை பிளேன் ஏறுறதே? மற்றதைப் போடு தம்பி."

போட்டேன். நல்லூரில் கணிதம் படிப்பிக்கிற எனக்கு எழுபது நிமிடம் தாராளமாகத்தான் தெரிந்தது.

வியாழன் மாலை 5 மணிக்கு உரும்பிராயிலிருந்து வான். கட்டுநாயக்கா விமான நிலையம் ஏறத்தாழ 370 கிலோமீற்றர்; கூலி 45,000 ரூபா. காலை 9.40 விமானத்துக்கு எட்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து, கதிரையில் இருந்து கால் வீங்கியதுதான் மிச்சம். அந்த எட்டில் இரண்டை மாறுகிற இடத்தில் வைத்திருக்கலாமே என்று இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

விமானம் இருபது நிமிடம் பிந்தி இறங்கியது. அடுத்ததன் வாசலை 12.50க்கு மூடுவார்கள். சுவரில் 12.20, நான் மாற்ற மறந்த மணிக்கூட்டில் 2.50. எதை நம்புவது என்று தெரியாமல் முன்னால் போன கூட்டத்தின் பின்னால் போய் ஒரு நீண்ட வரிசையில் நின்றோம். நாங்கள் தமிழில் கதைத்ததைக் கேட்ட ஒரு துப்புரவுப் பணிப்பெண் கிட்ட வந்தார்.

"அண்ணை, உது நாட்டுக்குள்ளை போறவையின்ரை வரிசை. நீங்கள் மேல்மாடிக்குப் போகோணும். நானும் உங்கடை பக்கந்தான், மானிப்பாய். கெதியாய் ஓடுங்கோ!"

முழங்கால் வலிக்கார அம்மா எப்படி ஓடுவது? மறுபடி சோதனை, பிறகு உள்ளுக்குள்ளேயே ஓடுகிற ரயில், அதிலும் ஒருமுறை எதிர்ப்பக்கம் ஏறிவிட்டோம். 12.57க்கு வாசலடி. கண்ணாடிக்கு அப்பால் விமானம் நிற்கிறது, கதவு மூடியாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு விமானத்தையும் ஒரே பயணச்சீட்டில் பதிந்திருந்ததால் மேலதிகக் காசு கேட்கவில்லை. ஆனால் 3.20 நிரம்பிவிட்டதாம். யாராவது வராவிட்டால் பார்க்கலாம், இல்லாவிட்டால் நாளை காலை 8.25 என்றார்கள். அதில் போனால் தாலி கட்டி, பந்தியும் முடிந்திருக்கும்.

"மூண்டு இருபதிலையே இடம் கேள் தம்பி. எமகண்டமாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார் அம்மா.

2.55க்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு இருக்கை, வேறு வேறு வரிசை. ஏறும்போது அம்மா மெல்லக் கேட்டார்.

"இது கிளம்பேக்கை ஊரிலை எத்தினை மணி?"

"ஐஞ்சு அம்பது."

"அப்ப ஊரிலை எமகண்டம் முடிஞ்சிருக்குமே. நாங்கள் விட்ட பிளேன்?"

மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினேன். "மூண்டு நாப்பது, அம்மா."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கணக்கு வாத்தியார்தானே?"

மறுநாள் 10.40க்கு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றேன். பெரிய விமான நிலையத்தில் மாறுகிறவர்கள் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். முழங்கால் வலிக்காரர் கூட வந்தால் பதியும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். இறங்கியதும் கூட்டத்தின் பின்னால் போகாமல் பலகையை வாசியுங்கள்.

திரும்பி வரும் பயணத்தை நான்கு மணி நேர இடைவெளி விட்டுத்தான் பதிந்தேன். அம்மா நாட்காட்டியை எடுக்கவேயில்லை. ஆனால் நான் கூட்டிக் கழித்ததைத் தங்கையின் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, சரிதானா என்று பார்ப்பித்தார்.