மார்ச் மாதத்துத் தாள்

டோலிவர் கவுண்டியில் ஐம்பது வயதைத் தாண்டாதவர்களில் பாதிப் பேர் வெர்னா ஸ்டெகலிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். முப்பத்தொரு வருஷம் நான்காம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள் அவள். யார் எந்த வருஷம் எந்த சீட்டில் வாந்தி எடுத்தார்கள் என்பது இன்றும் அவளுக்கு மனப்பாடம். ராய்ஸ் காடி: மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், வாரத்துக்கு இரண்டு முறை. அந்த ராய்ஸ் ஷெரீஃப் தேர்தலில் நின்று கவுண்டி போலீசுக்குத் தலைவரானபோது வெர்னாவும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள். வயிறு சரியில்லை என்பதற்காக ஒரு மனிதனை ஒதுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. போட்ட ஓட்டைத் திரும்பப் பெற ஏதாவது படிவம் உண்டா என்று அவள் விசாரிக்கத் தொடங்கியது இந்த ஏப்ரலில்தான்.

மார்ச் பதினான்காம் தேதி காலை, மூன்று பிள்ளைகளோடு டர்ன்பேக் ஓடையின் தரைப்பாலத்துக்கு வந்தாள். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் தெரியவில்லை, மழை பெய்தால் மிஸூரியின் அந்தப் பக்கத்து ஓடைகள் எல்லாமே காப்பி நிறம். வண்டியை நிறுத்திவிட்டு ஷெரீஃப் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். அவசர உதவி எண்ணான 911-க்கு அல்ல. அந்த ஊரில் 911 என்பது மாரடைப்புக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் உரியது. மற்ற எல்லாவற்றுக்கும் ஒலீட்டா கிரம்மின் மேஜை ஃபோன். இரண்டையும் எடுப்பவள் ஒலீட்டாதான். ஆனால் 911-இல் கூப்பிட்டால் “உங்கள் அவசரம் என்ன?” என்று முன்பின் தெரியாதவள் போலக் கேட்பாள். மேஜை ஃபோனில் கூப்பிட்டால் “என்னடி?” என்பாள். நாற்பது வருஷத் தோழியிடம் எவள் அவசரம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்?

ஒலீட்டா ராய்ஸிடம் கேட்டுவிட்டு மறுபடி ஃபோனுக்கு வந்தாள்.

“ராய்ஸ் இப்பத்தான் அந்த வழியா வந்தாராம்டி. தண்ணி வடிஞ்சிருச்சாம். தைரியமா போகச் சொல்றாரு.”

வெர்னா போனாள். பாலத்தின் நடுவில் என்ஜின் அணைந்தது. தண்ணீர் படிக்கட்டில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்து எல்லோரையும் கரை சேர்த்தார். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. ஒருத்திக்கு மட்டும் இடது கால் ஷூ போனது.

பத்து நாள் கழித்துப் பள்ளி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. ஷெரீஃபின் அறிக்கையிலிருந்து ஒரு வரியை அதில் எடுத்துப் போட்டிருந்தார்கள்: “ஓட்டுநர் யாரையும் கேட்காமல் தன்னிச்சையாகத் தண்ணீரில் இறங்கினார்.” ஏப்ரல் இருபத்திரண்டு மாலை விசாரணை. அதுவரை தற்காலிகப் பணிநீக்கம். அறிக்கை பொய் என்று அவளால் காட்ட முடியாவிட்டால் வேலையும் போகும், பள்ளிப் பேருந்து ஓட்டும் உரிமமும் போகும். பிறகு எந்தக் கவுண்டியிலும் அவளை ஸ்டியரிங் பக்கம் விட மாட்டார்கள்.

அவளுக்கு மூண்ட கோபத்தில் வேலைக்காக என்பது பாதிகூட இல்லை. மீதி எல்லாம் ‘யாரையும் கேட்காமல்’ என்ற அந்த இரண்டு சொல்லுக்குத்தான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு நாள் தன் கண்ணை விட்டுவிட்டு இன்னொருவர் வாயை நம்பினாள். அந்த ஒரு நாளைக்குத்தான் யாரையும் கேட்காதவள் என்று பெயர் வந்தது.

அவள் கைபேசியில் அந்த அழைப்பு இருந்தது; பேசிய பேச்சு இல்லை. வாரியத் தலைவரிடம் காட்டினாள். இரும்புக் கடை வைத்திருப்பவர் அவர். எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கிறவர்.

“நீங்களும் ஒலீட்டாவும் தினமும்தான் பேசுறீங்க, வெர்னா. அன்னைக்குக் கோழி வறுவல் பத்திப் பேசலைன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

கேள்வி நியாயமானது. அதனால் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

ஒலீட்டா சாட்சி சொல்லலாம். ஆனால் அவளுக்கு ஓய்வூதியம் கிடைக்க இன்னும் பதினான்கு மாதம் இருந்தது, ராய்ஸ் அவளை உட்காரவைத்து வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு, ஷெரீஃப் அலுவலகத்தின் பதிவுகளைக் கேட்டு யார் மனுக் கொடுத்தாலும் அதை வாங்கி முத்திரை குத்துகிற வேலையும் அவளுடையதே. ஆகவே தன் அழைப்பின் பதிவைக் கேட்க வெர்னா போய் நின்றது, அந்த அழைப்பை எடுத்தவளின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால்.

“வாயால கேட்டா தர முடியாதுடி. எழுதிக் கொடு.”

“நான் வாயால சொன்னத நீ காதால கேட்டியா இல்லையா?”

“நான் கேட்டது பதிவு ஆகாது. தேதி போடு. இல்ல, மேல போடு. அங்க இல்ல, இங்க.”

மனு எழுதினாள். மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டிலும் ராய்ஸின் கையெழுத்து, இரண்டும் ஒரே தபாலில். குறிப்பிட்ட அழைப்புக்கான பதிவு ஏதும் இவ்வலுவலகத்தில் இல்லை என்றது முதல் கடிதம். குறிப்பிட்ட அழைப்பு தொடர்பான பதிவுகள் விசாரணையில் இருப்பதால் வெளியிட இயலாது என்றது இரண்டாவது. வெர்னா இரண்டையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அடுத்தடுத்து ஒட்டினாள். இல்லாத ஒன்றை மூன்று வாரமாக விசாரிக்கிறார்கள். பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் படித்தாள். காப்பியில் பால் விடுவதையே நிறுத்திவிட்டாள்.

விசாரணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனாள்.

“இதுல எதுடி நிசம்?”

ஒலீட்டா நிமிரவில்லை. “ரெண்டும்தான். 911-க்கு வர்றது மட்டும்தான் டேப்ல ஏறும். இந்த மேஜை ஃபோன் ஏறாது. நீ எதுல கூப்பிட்ட?”

“ஊரே எதுல கூப்பிடுதோ அதுலதான்!”

“அப்ப ஊருக்கே பதிவு இல்ல.”

“கல்நெஞ்சுடி உனக்கு. என் கல்யாணத்துல எனக்குப் பக்கத்துல பூ பிடிச்சு நின்னவ நீ.”

“அந்தக் கல்யாணமும்தான் நிக்கல. இப்ப அத எதுக்கு இழுக்குற?”

அந்த நேரம் மேஜை ஃபோன் அடித்தது. யாரோ ஒருவரின் மாடுகள் நெடுஞ்சாலையில் நின்றன. “எத்தனை? ஏழா? சரி, ஆள் அனுப்புறேன்” என்றாள் ஒலீட்டா. நாற்காலியைச் சுழற்றி, பின்சுவரில் தொங்கிய தீவனக் கடைக் காலண்டரில், அன்றைய தேதிக் கட்டத்துக்குள் பேனாவை அழுத்திப் பொடி எழுத்தில் ஏதோ எழுதினாள். திரும்பி உட்கார்ந்தாள். தான் எழுதியது அவளுக்கே தெரிந்திருக்காது. மூக்கைச் சொறிவது போன்ற பழக்கம் அது.

வெர்னா கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்தாள். ஏப்ரல் மாதத்தின் ஒவ்வொரு கட்டமும் எறும்பு மொய்த்ததுபோல் நிரம்பிக் கிடந்தது.

“ஒலீட்டா. அது என்ன?”

“காலண்டர்.”

“மார்ச் மாசத்தக் கிழிச்சுப் போட்டியா?”

ஒலீட்டாவின் முகம் வெளுத்தது. “இல்ல. மேல மடிச்சு வச்சிருக்கேன். வேணாம்டி வெர்னா. எனக்குப் பதினாலு மாசம் இருக்கு.”

“எனக்கு அஞ்சு நாள் இருக்கு. பேனா குடு.”

அங்கேயே நின்று எழுதினாள்: இவ்வலுவலகத்தின் பின்சுவரில் தொங்கும் காலண்டரின் மார்ச் மாதத்துத் தாள். தேதியை மேலே, சரியான இடத்தில் போட்டாள். ஒலீட்டா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினாள். கட்டடமே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கோ என்னவோ, உள்ளறையிலிருந்து ராய்ஸ் வந்தார்.

“என்ன மிஸ் வெர்னா, மறுபடியுமா?”

பெரிய ஆள் ஆன பிறகும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். பேருந்துப் பழக்கம். மனுவைப் படித்தார், திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். வருஷக்கணக்காக அதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

“இது அரசாங்கப் பதிவே இல்லையே. தீவனக் கடையில சும்மா குடுத்த காலண்டர். ஒலீட்டாவோட சொந்தப் பொருள். இதக் குடுக்கணும்னு சட்டம் கிடையாது.”

“சொந்தப் பொருளா?”

“ஆமா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு ராய்ஸ். கவுண்டிப் பொருள்னா மூணு நாளுல நீ குடுத்தாகணும். ஒலீட்டா பொருள்னா அவளே குடுக்கலாம், உன்ன யாரும் கேக்கப் போறதில்ல. ரெண்டுல எது?”

ராய்ஸ் மனுவை மறுபடி படித்தார். மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரத்தில் வண்டி திருப்பத்தில் வளையும்போது தெரியும் அதே பச்சை நிறம் அவர் முகத்தில் மெல்லப் படர்ந்தது.

“சொந்தப் பொருள்தான். ஆனா ஒலீட்டா குடுக்க மாட்டா” என்றார்.

தவறு அங்கே நடந்தது. அவர் ‘ஒலீட்டா, குடுக்காதே’ என்றிருந்தால் அவள் கேட்டிருப்பாள். இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். குடுக்க மாட்டாள் என்று அவளுக்காக அவரே சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள், காலண்டரை ஆணியோடு பிடுங்கினாள், மார்ச் மாதத்தைக் கிழித்தாள், ஜன்னலின் அடிச் சந்தில் தள்ளினாள்.

“என்னோடதுன்னு நீங்கதான் சொன்னீங்க, ஷெரீஃப்.”

பதினான்காம் தேதிக் கட்டத்தில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தமாக இருந்தது: ‘6.10 வெர்னா. டர்ன்பேக் தண்ணி, போகலாமான்னு கேக்குறா. ராய்ஸ் வடிஞ்சிருச்சு போன்னார். 6.31 வெர்னா தண்ணில.’

இருபத்திரண்டாம் தேதி மாலை வாரியம் கூடியது. இரும்புக் கடைக்காரர் கட்டத்தை இரண்டு முறை படித்தார், தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். யார் சொன்னாலும் தண்ணீரில் பேருந்தை இறக்கக் கூடாது என்பது விதி, அதற்கு ஒரு மாதத் தற்காலிகப் பணிநீக்கம் தண்டனை, அதை வெர்னா ஏற்கெனவே அனுபவித்துவிட்டாள், வியாழக்கிழமை முதல் வண்டி எடுக்கலாம் என்றார். நாலே நிமிஷம். மன்னிப்பு என்ற சொல் கூட்டக் குறிப்பில் எங்கும் இல்லை. வெளியே வரும்போது ஓர் உறுப்பினர் அவள் தோளைத் தொட்டு, “இனியாச்சும் கொஞ்சம் சாந்தமா இருங்க, வெர்னா” என்றார். அவள் ஒரு காரின் கதவை அறைந்து சாத்திய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அது அவளுடைய கார்கூட இல்லை, அவருடையது.

ஒலீட்டாவை ராய்ஸ் வேலையை விட்டு நீக்கவில்லை. தன் சொந்தப் பொருளைக் கொடுத்ததற்காக நீக்குவது எப்படி என்று கவுண்டி வக்கீலுக்குத் தெரியவில்லை. சுவரில் எதையும் மாட்டக் கூடாது, எதிலும் எதையும் எழுதக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு மட்டும் போட்டார். அறிக்கையை அவர் திருத்தவே இல்லை. ‘யாரையும் கேட்காமல்’ இன்னும் அங்கேதான் இருக்கிறது, அலுவலகத்துக் கோப்புப் பெட்டிக்குள், அவருடைய கையெழுத்துக்கு மேலே.

டர்ன்பேக்கில் தண்ணீர் வந்தால் வெர்னா இப்போது யாருக்கும் ஃபோன் செய்வதில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பதினோரு மைல் சுற்றிப் போகிறாள். பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு தப்பிவிடுகிறது. அவர்கள் மழைக்காக வேண்டிக்கொள்கிறார்கள். திங்கள்தோறும் காலை ஓட்டம் முடிந்ததும் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு நேரே கண்ணாடி ஜன்னலுக்குப் போகிறாள். திருத்திய அறிக்கையின் நகல் வேண்டும் என்று மனு. திருத்திய அறிக்கை ஏதும் இல்லை என்று மூன்றாம் நாள் பதில். குளிர்சாதனப் பெட்டியின் கதவு நிரம்பி, இப்போது பக்கவாட்டிலும் ஒட்டுகிறாள்.

போன திங்கட்கிழமை இரண்டு மனுக்களோடு போனாள்.

“இது எதுக்குடி ரெண்டாவது?” என்றாள் ஒலீட்டா.

“எதையும் எழுதக் கூடாதுன்னு அந்த ஆளு எழுதிக் குடுத்தானே, அந்த உத்தரவு. அதோட நகல்.”

ஒலீட்டா உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, கையைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.