கொப்பர் கிருமியைக் கொல்லும் என்று போட்டது நான்தான்

இரத்தினபுரி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபடி எழுதுகிறேன்.

காலையில் கலவான ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுச் செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அதன் ஓரமெல்லாம் நீலம்.

"என்னக்கா இது?"

"அட்டை கடிச்சது புண்ணாயிருச்சு. கொப்பர் கிருமிய கொல்லுதுன்னு நீங்கதானே தங்கச்சி பேஸ்புக்குல போட்டீங்க? தேயிலைக்கு அடிக்கிற கொப்பர் வீட்டுல இருந்துச்சு. கொழைச்சுப் பூசுனேன்."

கட்டை லேசாக விலக்கினேன். புண்ணைச் சுற்றித் தோல் வெந்திருந்தது. நேரே இங்கே கூட்டி வந்துவிட்டேன்.

போன வாரம் நான் படம் போட்டு, நீங்களெல்லாம் ஹார்ட் போட்ட அந்த நீலப் பொடி, அமினோ அமிலத்திலிருந்து செய்த மூலக்கூறோடு செம்பை, அதாவது கொப்பரைச் சேர்த்து எங்கள் லேபில் உருவாக்கியது. தட்டில் வளர்த்த பாக்டீரியாவை அது கொன்றது உண்மை. மனிதத் தோலை என்ன செய்யும் என்று நாங்கள் இன்னும் சோதிக்கவே இல்லை. அதை நான் எழுதவில்லை. தேயிலைக்கு அடிப்பது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து, அது வேறு பொருள் என்றும் எழுதவில்லை.

"அப்ப நீங்க செஞ்சத யாருக்குத்தான் பூசுறது?" என்று அக்கா கோபமே இல்லாமல் கேட்கிறார்.

இப்போதைக்கு யாருக்கும் இல்லை, அக்கா.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களே, இதையும் பகிர்வீர்களா? இதில் அழகான நீலம் எதுவும் இல்லை.