புள்ளி விழுந்த தக்காளி நாற்று

நாற்பது தட்டு தக்காளி நாற்றைக் குப்பைக் குழியில் கொட்டியது நான்தான். மாங்காட்டுப் பக்கம் ஒரு நர்சரியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எட்டாவது வரைதான் படிப்பு. இலையில் புள்ளி தெரிந்தால் தட்டோடு குழிக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் இடத்துப் பழக்கம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வேப்பம்பட்டில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்த தேவகியம்மாவுக்காக இரண்டு ரகம் விதைத்திருந்தோம். ஒன்று மாசு மருவில்லாமல் தளதளவென்று வந்தது. இன்னொன்றில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள். ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தட்டுகளைக் கொட்ட ஆரம்பித்தேன். நாற்பது ஆனதும் அம்மன் கோயிலுக்கு நேரமாகிவிட்டது. மீதி பன்னிரண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் பிடித்த மழை பத்து நாள் விடவில்லை. நிழல்வலைக்குள் ஈரம் காயவே இல்லை. தளதளவென்று நின்ற ரகத்தில் இலைக்கு மேலே மஞ்சள் திட்டு, அடியில் பூசணம். தட்டுத் தட்டாகச் சுருண்டு போயின. தேவகியம்மா ஏர் ஓட்டிவிட்டுக் காத்திருந்தார். இந்தப் போகம் நிலத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் குத்தகை வேறு ஆளுக்குப் போய்விடும்.

மறந்துபோன பன்னிரண்டு தட்டு மட்டும் மூலையில் நிமிர்ந்து நின்றது. முதலாளி அதையும் கொட்டச் சொன்னார். ஐந்து நாள் டைம் கேட்டேன். பால்பாயின்ட் பேனாவால் புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டேன்.

"இன்னா நைனா, நாத்துக்குத் திருஷ்டிப் பொட்டு வச்சிகினு கீறியா?" என்றார் முதலாளி.

"புள்ளி வட்டத்தத் தாண்டுனா நானே கொட்டிடறேன் மொதலாளி."

ஒன்றுகூடத் தாண்டவில்லை. ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வேளாண்மை அலுவலகம் போனேன். அங்கிருந்த மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"செடி நோயை நிறுத்தின இடம் இது. பூஞ்சை நுழைஞ்ச இடத்துல செடி தன் செல்லைத் தானே சாகடிச்சிடும். உயிருள்ள செல் கிடைக்கலன்னா பூஞ்சைக்குச் சாப்பாடு இல்ல. சுத்தி ஒரு விஷத்தையும் சுரந்து வச்சுக்கும். மத்த இலைங்களுக்கும் தகவல் அனுப்பும்."

சுருண்டுபோன அந்தப் புள்ளியில்லாத ரகத்துக்கு இந்தப் பூஞ்சையை அடையாளம் தெரியாது, அதனால்தான் சண்டையே போடாமல் அழகாக நின்றது என்றும் சொன்னார்.

ஓர் இலைக்குள் ஆண்டவன் இவ்வளவு வைத்திருக்கிறானே என்று பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது. கொட்டியதெல்லாம் பிழைக்க வேண்டிய நாற்று.

தேவகியம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு தட்டைத் தூக்கி வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீ கோடு போட்டுப் பாத்துகீற. அத்த நம்பி எடுத்துனு போறேன். மிச்ச நெலத்துக்கு இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

பன்னிரண்டு தட்டு ஒரு மூலைக்குத்தான் வந்தது. மிச்சத்தில் கீரை விதைக்கலாம் என்றேன். ஞாயிறுதோறும் நானே போய்ப் பாத்தி கட்டினேன். தக்காளியில் புதுத் துளிர் சுத்தமாக வந்தது. நிலமும் தேவகியம்மா கையை விட்டுப் போகவில்லை.

இப்போது புள்ளி கண்டால் தட்டைத் தனியாக வைத்துப் பார்க்கிறோம். பரவினால்தான் கழிக்கிறோம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது அவ்வளவுதான். அம்மனிடம் நான் கேட்பதும் அதுதான்: அவசரப்படுகிற என் கைக்கு முன்னால் கண்ணைக் கொண்டுவந்து நிறுத்து, தாயே.