கோடு விழுந்த பிறகும் அழிக்காதவர்

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்து, கணினியைத் திறந்துகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கியிருந்தார். அதைக் கண்டதுமே யாரோ மௌத்தாகிவிட்டார் என்று தெரிந்தது. பெயரைத்தான் நம்ப முடியவில்லை. ஏறாவூர் ஹம்சியா ராத்தா, எங்கள் எல்லோருக்கும் அக்கா. நெஞ்சு நோகுது என்று வியாழக்கிழமை லீவு போட்டுப் போனவர். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம் என்று எழுதியிருந்தது. அன்றைய என் பட்டியலில் முதல் வரி, 'ராத்தாவுக்குக் கோல் எடுக்கணும்' என்பது.

எங்கள் அலுவலகத்தில் மக்களின் முறைப்பாடுகள் வந்து சேரும் மேசையில் ராத்தாவை, இங்கே வந்துபோகிற நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து மேசையில் பதின்மூன்று வருடம் இருந்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் கூட என்பதும் உங்களுக்குத் தெரியும். மின்னஞ்சல் வந்த புதிதில் அவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று நெடுநாள் பெருமையடித்துத் திரிந்தேன். வருகிற கடிதத்தைச் செய்யவேண்டிய வேலையாக மாற்றுவது, முடிந்ததும் டிக் போடுவது. டிக் போட்டால் அந்த வரியின் மேல் கோடு விழும். ராத்தா மூக்குக்கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்துவிட்டு, "கோடு போட்ட பிறகும் வாசிக்க ஏலும்தானேகா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப நல்லது" என்றார்.

ஏன் நல்லது என்று பிறகுதான் விளங்கியது. பதில் அனுப்பியதும் டிக் போடுவார், ஆனால் அந்த வரியை நீக்கமாட்டார். உரிய ஆள் வாயால் 'கிடைச்சிட்டு' என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மத்தியானம் இவரே தொலைபேசி எடுத்துக் கேட்பார். கேட்ட பிறகு ஒவ்வொன்றாக நீக்குவார். அவருடைய திரை எப்போதும் கோடுகளால் நிறைந்துகிடக்கும். "உங்கட பட்டியலப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது ராத்தா" என்று நான் பகிடி பண்ணுவேன். "கோடு போடுறது கொம்பியூட்டருக்கு புள்ள. அழிக்கிறது ஆக்களக் கேட்டுத்தான்" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாரியில் அவர் மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு கிழமை லீவில் நின்றார். அவருடைய மேசையையும் நான் பார்த்தேன். முந்நூறுக்கு மேல் கோடு விழுந்த வரிகள். முடிந்தவை எல்லாவற்றையும் நீக்கு என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அதை ஒரே அமுக்கு. திரை துப்புரவாகிவிட்டது. வந்து பார்த்து மகிழ்வார் என்றுகூட நினைத்தேன், மடைச்சி.

வந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கித் திரையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "என்ட ஆக்கள் எங்ககா?" என்றார். ஏசவில்லை. ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஞாபகத்திலிருந்து பெயர்களை எழுதத் தொடங்கினார். அன்று முழுக்க எழுதினார். கடைசியில், "எல்லாரும் வந்திட்டாங்க எண்டுதான் நினைக்கன்" என்றார்.

ஒரு ஆள் வரவில்லை. கிரானில் புவனா என்ற பெண், நடக்க இயலாத தகப்பனுக்குச் சக்கர நாற்காலி கேட்டு எழுதியிருந்தாள். கொடுக்கும் நிறுவனம் 'அனுப்பிவிட்டோம்' என்று பதில் போட்டதால் அந்த வரியில் கோடு விழுந்திருந்தது. ஆனால் கிரான் பாதையில் வெள்ளம். கொண்டுபோனவர்கள் கதிரையை வேறொரு ஊர்ப் பொதுமண்டபத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தை கழிந்து, வெள்ளாமை வெட்டும் முடிந்து புவனா நேரே வந்தாள். "அப்பாவ வயல் வட்டைக்குக் கொண்டுபோய் வெட்டுக் காட்டலாம் எண்டு இருந்தன்" என்றாள்.

அவளுக்கு ராத்தா சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன். "என்ட பிழை புள்ள. நான் மறந்துபோனன்." இரண்டு முழத் தூரத்தில் இருந்த நான் கோப்பு ஒன்றை விரித்துக்கொண்டு குனிந்தேன். வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு அன்று வாய் வரவில்லை. அந்தக் கிழமையே ராத்தா கதிரையைத் தேடிப்பிடித்து அனுப்பிவைத்தார். அடுத்த வெள்ளாமை கதிர் வர முன்னமே புவனாவின் அப்பா கண்ணை மூடிவிட்டார். ராத்தா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே இரண்டு வருடம் போனது.

ஜனாஸாவுக்கு இரண்டு நாளின் பின், அவருடைய மின்னஞ்சல் கணக்கை மூடப்போகிறோம், அடுத்த கிழமை வெள்ளிக்கு முன் துப்புரவாக்குங்கள் என்று எனக்குக் கடிதம் வந்தது. இந்த முறை நான் எதையும் ஒரேயடியாக நீக்கவில்லை. கோடு விழுந்த ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்தேன். எடுத்த எல்லோரும் முதலில் கேட்டது, "ராத்தா இல்லையா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருந்தது. சிலர் அந்தப் பக்கத்தில் அழுதார்கள், நானும் அழுதேன்.

பட்டியலின் அடியில் கோடு விழாத ஒரு வரி கிடந்தது. 'செல்வி. கிரான் கதிரை. மனம் ஆறிட்டா எண்டு கேக்கணும்.' செல்வி நான்தான். இரண்டு வருடமாகக் கிழமைக்குக் கிழமை திகதியை மாற்றி மாற்றித் தள்ளிவைத்திருக்கிறார். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

மறு கிழமை வியாழக்கிழமை லீவு போட்டுக் கிரானுக்குப் போனேன். கதிரை வீட்டு மூலையில் மடித்து, துணி போர்த்திக் கிடந்தது. "அது ராத்தாட பிழை இல்ல புவனா. நான்தான் அழிச்சனான்" என்றேன். அவள் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும் அக்கா. அவ மறக்கிற ஆளா? ஆரையோ மறைக்கிறா எண்டு நினைச்சன். ஆரெண்டுதான் தெரியாது."

தேத்தண்ணியைக் குடிங்க என்றும் சொன்னாள். குடித்தேன்.

ராத்தாவின் கணக்கை மூடிவிட்டார்கள். எனக்கு என்று அவரிடமிருந்து எடுத்துவைத்தது அந்த ஒரு வரிதான். என் பட்டியலில் இருக்கிறது. கிரானிலிருந்து வந்த அன்று டிக் போட்டேன், கோடும் விழுந்தது. ஆனால் நீக்க முடியாது. ஓம் ராத்தா, ஆறிட்டு என்று நான் வாயால் சொல்லவேண்டிய ஆள் ஏறாவூர் மையவாடி மண்ணுக்குள் இருக்கிறார்.